நேற்றுகூடப் பார்த்தேனே

நான் சொல்லப்போகும் ஜீவராசியை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். சாவு வீட்டில், வாசலுக்கும் ஹாலுக்கும் நடுவில், வருகிறவர் போகிறவர் எல்லாரும் தாண்டித்தான் ஆகவேண்டிய இடமாகப் பார்த்து, பக்கத்து ஃபிளாட்டில் இரவல் வாங்கிய பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றில் உட்கார்ந்திருப்பார். இறந்தவரைச் சுற்றி நாலு பேர் நின்றால் இவரைச் சுற்றி எட்டுப் பேர் நிற்பார்கள். காரணம் இருக்கிறது. இறந்தவரை உயிரோடு கடைசியாகப் பார்த்தது இவர்தான். இந்தச் சாவில் மட்டுமல்ல, போன சாவிலும் இவர்தான், அதற்கு முந்தைய சாவிலும் இவரேதான். இத்தனை பேரையும் கடைசியாகப் பார்த்த ஒருவரைப் போலீஸ் இன்னும் ஏன் கூப்பிட்டு விசாரிக்கவில்லை என்று எனக்கு வெகுநாளாகச் சந்தேகம்.

சாவுச் செய்தி போனில் வரும்போது சாதாரண மனிதர்கள் ‘அடடா’ என்பார்கள், ‘எப்போது’ என்பார்கள். இன்னும் சாதாரணமானவர்கள், திரும்பி வந்து எப்படியும் குளிக்க வேண்டுமே, இப்போது குளிக்காமலே கிளம்பிவிடலாமா என்று யோசிப்பார்கள். நம்மவர் சொல்வது ஒன்றே ஒன்றுதான். “அதெப்படி? நேத்துகூடப் பார்த்தேனே.” அந்தத் தொனியைக் கவனித்திருக்கிறீர்களா? அதில் துக்கம் கால்வாசி, புகார் முக்கால்வாசி. தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கிளம்பியது முறையில்லை என்கிற மாதிரி இருக்கும். நேற்றுப் பார்த்தவர் இன்று சாகக்கூடாது என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? செத்தவர் எல்லாரையும் முந்தின நாள் யாராவது பார்த்துத்தானே இருப்பார்கள்? இதெல்லாம் நாம் கேட்க முடியாது. சாவு வீட்டில் தர்க்கம் பேசுகிறவனை யாரும் மதிப்பதில்லை.

பம்பாயில் இந்த இனம் பேட்டைக்குப் பேட்டை நிறம் மாறும். மாதுங்காவில் இவர் காய்கறி மார்க்கெட்டில் பார்த்திருப்பார். உல்லாஸ்நகரிலிருந்து வருகிறவர் லோக்கல் ரயிலில் பார்த்திருப்பார்; மூன்று பேர் உட்காரும் சீட்டில் நகர்ந்து நாலாவதாக இறந்தவருக்கு இடம் கொடுத்த புண்ணியவான் அவர்தான். தாராவியில் இவர் பெயர் இசக்கிப்பாண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். கொட்டுச் சத்தத்தையும் மீறி, “நேத்து பொழுதடைய எங்கூட நின்னு சாயா குடிச்ச மனுசம்லா” என்பார். அந்த டீக்கடைக்காரரே கூட்டத்தில் நின்றுகொண்டிருந்தாலும் மறுத்துப் பேச மாட்டார், ஏனென்றால் அவர் அதற்கும் பிறகு, கடையைச் சாத்துகிற நேரத்தில் பார்த்திருப்பார். இளைய தலைமுறைக்கு நேரில் பார்க்கிற சிரமம்கூடக் கிடையாது. எங்கள் கட்டடத்து ஆதர்ஷ், யார் செத்தாலும் அவரோடு தான் எடுத்துக்கொண்ட படத்தை வாட்ஸப் ஸ்டேட்டஸில் போட்டுவிடுவான். படத்தில் முக்கால்வாசி ஆதர்ஷ் இருப்பான். மூலையில் இறந்தவரின் ஒரு காது தெரியும்.

பார்த்தால் மட்டும் போதாது, இறந்தவர் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். வாழ்நாள் முழுவதும் தேங்காய் விலையையும், பாந்த்ரா வண்டி எந்தப் பிளாட்பாரத்தில் வரும் என்பதையும் தவிர வேறு பேசி அறியாத மனிதர், கடைசி நாளன்று நம்மவரைக் கண்டதும் ஞானியாகிவிடுவார். ‘எல்லாம் போதும்டா’ என்றிருப்பார். ‘இனிமே என்ன இருக்கு’ என்றிருப்பார். ஒன்றுமே இல்லாவிட்டால் ஒரு பெருமூச்சாவது விட்டிருப்பார். முகத்தில் என்றுமில்லாத ஒரு தேஜஸ் இருந்திருக்கும். “அப்பவே எனக்கு என்னமோ மாதிரி இருந்தது” என்று முடிப்பார் நம்மவர். அப்பவே என்னமோ மாதிரி இருந்தால் ஒரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போயிருக்கக் கூடாதா? யாரும் கேட்பதில்லை, ஏனென்றால் கேட்க வேண்டியவர்கள் எல்லாம் தங்கள் முறைக்காகக் காத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆம், முறை உண்டு, ஏலம் மாதிரி. ஆனால் தலைகீழ் ஏலம், இறங்கிக்கொண்டே போகும். ஒருவர் போன மாதம் பார்த்ததாக ஆரம்பிப்பார். அவர் விவரம் தெரியாதவர், புதிது. அடுத்தவர் போன வாரம் என்பார். மூன்றாமவர் முந்தாநாள் என்று சொல்லிவிட்டுக் கூட்டத்தைச் சுற்றி ஒரு பார்வை பார்ப்பார். அப்போது நம்மவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “நேத்திக்கு” என்பார். முந்தாநாள்காரர் அதோடு எழுந்து போய் வேனுக்குச் சொல்லியாகிவிட்டதா என்று விசாரிக்கத் தொடங்கிவிடுவார்.

இந்த இனத்தில் நான் கண்ட தலைசிறந்தவர் மாதுங்கா திருவேங்கடம். ஃபோர்ட்டில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். நெற்றியில் மெல்லிய ஸ்ரீசூர்ணம், கையில் எப்போதும் மடித்த துணிப்பை. நல்ல மனிதர், யாருக்கும் கெடுதல் நினைக்காதவர், கடனுக்குப் பயந்தவர், எழுபது வயதிலும் ரயில் வரும் சத்தம் கேட்டால் ஓடுகிறவர். பொய்யே பேச மாட்டார். சாவு வீட்டில் பேசுவதை அவர் பொய்க் கணக்கில் சேர்ப்பதில்லை, அவ்வளவுதான். அது ஒரு மரியாதை. கல்யாணத்துக்குப் போனால் மொய், சாவுக்குப் போனால் ‘நேற்று’. வெறுங்கையோடு எப்படிப் போவது?

திருவேங்கடத்தோடு அதே கம்பெனியில், அடுத்த மேஜையில் இருந்தவர் பத்ரி. அவர் செம்பூர்க்காரர், என் பழைய சிநேகிதர். பத்ரியைப் பற்றி ஒரே ஒரு விஷயம் தெரிந்தால் போதும்: பேசுவார். காலையில் பல் தேய்க்கும்போது ஆரம்பித்தால் ராத்திரி கண்ணை மூடுகிறவரை பேசுவார். ரயிலில் அவரோடு பேச ஆரம்பித்து இறங்க வேண்டிய ஸ்டேஷனைத் தவறவிட்டவர்கள் பம்பாயில் பல பேர் உண்டு. அவர் மனைவி அம்மிணி, பாலக்காட்டுப் பெண், அதிகம் பேசாதவர். அந்த வீட்டில் இரண்டு பேருக்கான பேச்சையும் பத்ரியே பேசிவிட்டதால் அம்மிணிக்கு அவசியம் ஏற்படவில்லை என்பார்கள்.

அந்தப் பத்ரிதான் ஒரு சனிக்கிழமை காலையில் போய்விட்டார். தூக்கத்திலேயே உயிர் போய்விட்டது என்று நவி மும்பை கோபர்கைரனேயிலிருந்து வந்திருந்த மகள் மானசா போனில் சொன்னாள். மகன் நகுல் சிங்கப்பூரிலிருந்து வந்து சேர மாலையாகும். அதுவரை பத்ரியை ஹாலில் ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். மாலை வரை காத்திருக்க வேண்டிய சாவு என்றால், நம் இனத்தாருக்கு அதைவிட நல்ல வாய்ப்பு கிடையாது. காலைச் சாவு காலையிலேயே எடுத்துவிட்டால் பேச நேரம் எங்கே இருக்கிறது?

நான் போனபோது அம்மிணி பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். அழவில்லை, யாரிடமும் பேசவில்லை. கண்ணாடிக்குள் தெரிந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்பதால், எதிர் ஃபிளாட் ஜோஸ்பின் டீச்சர் தன் வீட்டில் காபி போட்டு ஃபிளாஸ்கில் கொண்டுவந்து எல்லாருக்கும் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஜோஸ்பின் திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம், தாராவியில் பிறந்து வளர்ந்து, வாத்தியார் வேலை கிடைத்துச் செம்பூர் வந்தவர். அந்த வீட்டில் அன்று பேசாமல் இருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் அம்மிணி, இன்னொருவர் ஜோஸ்பின். பெட்டிக்குள் இருந்தவரைச் சேர்த்தால் மூன்று.

மற்றவர்கள் குறை வைக்கவில்லை. சொசைட்டி செக்ரட்டரி ஆரம்பித்தார்: போன வாரம் பத்ரி பால்கனியிலிருந்து தனக்குக் கையாட்டினாராம், அது ‘டாட்டா’ காட்டியது மாதிரி இருந்ததாம். நாலாவது மாடிக்காரர் அதைப் பொறுத்துக்கொள்ளவில்லை. முந்தாநாள் லிஃப்டில் பார்த்தாராம். எந்த மாடி என்று கேட்டதற்குப் பத்ரி, ‘மேலே’ என்று ஒரு விரலைத் தூக்கிக் காட்டினாராம். கூட்டத்தில் ‘ச்சு’ என்ற சத்தம் எழுந்தது. நல்ல அடிதான், ஒப்புக்கொள்கிறேன். பத்ரியின் வீடு இரண்டாம் மாடி என்பது அந்த நேரத்தில் எனக்கே நினைவுக்கு வரவில்லை.

அப்போதுதான் திருவேங்கடம் உள்ளே வந்தார். செருப்பைக் கழற்றினார், பெட்டியைச் சுற்றி வந்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாற்காலி எங்கே இருக்கிறது என்று தேடாமலே அதில் போய் உட்கார்ந்தார். பிறகு, யாரையும் குறிப்பாகப் பார்க்காமல், மின்விசிறியைப் பார்த்துச் சொன்னார்.

“நேத்துக் காலம்பற மாதுங்கா மார்க்கெட்ல நின்னு அரை மணி நேரம் பேசிண்டிருந்தோம்.”

நாலாவது மாடி லிஃப்ட்காரர் விட்டுக்கொடுக்கிறவர் இல்லை. செம்பூரிலிருந்து மாதுங்கா மார்க்கெட்டுக்கு என்ன வேலை என்று கேட்டார். திருவேங்கடம் அவரைக் கருணையோடு பார்த்தார். நேந்திரம்பழம் வாங்க வந்திருந்தாராம். செம்பூரில் கிடைப்பது சரியில்லையாம். இதற்கு யார் என்ன சொல்ல முடியும்? ஏலம் முடிந்தது. லிஃப்ட்காரர் எழுந்து, வேனுக்குச் சொல்லியாகிவிட்டதா என்று கேட்டுக்கொண்டு வாசலுக்குப் போனார்.

அந்த நிமிஷத்தில் அம்மிணி தலையை நிமிர்த்தினார். காலையிலிருந்து முதல் தடவை.

“என்ன சட்டை போட்டுண்டிருந்தார்?” என்றார்.

இதுவரை எந்தச் சாவு வீட்டிலும் திருவேங்கடத்தை யாரும் குறுக்கு விசாரணை செய்ததில்லை. ஆனால் முப்பது வருஷ அனுபவம் சும்மா போகுமா? “நீலக் கட்டம் போட்டது, மன்னி. அரைக்கை” என்றார். அடுத்த மேஜையில் இருந்து பார்த்த சட்டை. பத்ரியிடம் அந்த மாதிரி ஒன்று எப்போதும் இருக்கும். மானசா சட்டென்று அம்மாவைப் பார்த்தாள். காபி ஊற்றிக்கொண்டிருந்த ஜோஸ்பின் கை அப்படியே நின்றது.

“என்ன பேசினார்?” என்றார் அம்மிணி.

வழக்கம்போல ‘எல்லாம் போதும்’ என்று சொல்லியிருந்தால் திருவேங்கடம் பிழைத்திருப்பார். என்ன நினைத்தாரோ, அந்த அம்மாள் பார்த்த பார்வையில் ஞான வசனம் வரவில்லை. பழத்தைப் பற்றித்தான் பேசினார் என்றார். கடைக்காரன் மஞ்சளாகப் பளபளவென்று இருந்ததை எடுத்துக் கொடுத்தானாம். பத்ரி அதைத் தொடவே இல்லையாம். “தோல் கறுத்திருக்கணும், அமுக்கினா விரல் உள்ளே போகணும், இல்லேன்னா அம்மிணி என்னையும் சேர்த்துத் திருப்பி அனுப்பிடுவான்னான் மன்னி. அதையே பத்து தடவை சொன்னான். கடைக்காரன் தலையில அடிச்சுண்டான்.”

அம்மிணியின் உதட்டோரம் லேசாக அசைந்தது. சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. சிரிப்புத்தான் என்று நினைக்கிறேன். “பத்து தடவை சொல்லுவார்” என்றார். பிறகு பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு, இன்னும் என்ன சொன்னார், இன்னும் என்ன சொன்னார் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். திருவேங்கடமும் சொல்லிக்கொண்டே இருந்தார். அவருக்கு வியர்த்தது.

சாவு வீட்டுக்கு ஒரு மரியாதை உண்டு, உங்களுக்குத் தெரியும். கிளம்புகிறவர் ‘போயிட்டு வரேன்’ என்று சொல்லக்கூடாது, வீட்டார் ‘வாங்கோ’ என்று சொல்லக்கூடாது. போவது தெரியாமல் எழுந்து போய்விட வேண்டும். மாலையில் நகுல் வந்து, எல்லாம் முடிந்து, திருவேங்கடம் அப்படித்தான் சத்தமில்லாமல் எழுந்தார். வாசல்வரை போய்விட்டார். பின்னால் இருந்து அம்மிணியின் குரல் வந்தது.

“நாளைக்கும் வாங்கோ.”

ஹாலில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஓர் அத்தை, துக்கத்தில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை என்று முணுமுணுத்தார். அம்மிணி அதைத் திருத்திக்கொள்ளவில்லை.

நானும் திருவேங்கடமும் லிஃப்டுக்குக் காத்திருந்தோம். ஜோஸ்பின் வெறும் ஃபிளாஸ்கைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் பின்னாலேயே வந்தார்.

“சார், நான் சொன்னேன்னு வீட்ல காட்டிக்கிடாதீங்க” என்றார். “பத்ரி சார் ஒரு மாசமா படுத்த படுக்கையாத்தான் கெடந்தாவ. ஸ்ட்ரோக்கு. ஒரு வார்த்த பேச வரல.”

லிஃப்ட் வந்தது. நாங்கள் ஏறவில்லை. அது தானாகக் கதவை மூடிக்கொண்டு போய்விட்டது.

மற்றதையும் ஜோஸ்பின் சொன்னார். ஆஸ்பத்திரியிலிருந்து பத்ரியைக் கொண்டுவந்ததே கட்டடம் முழுக்க வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில்தான். யாருக்கும் சொல்லக்கூடாது என்பது அம்மிணியின் ஏற்பாடு. வாய் ஓயாமல் பேசிய மனிதரை, வாய் கோணி, சத்தம் வராமல் படுத்திருக்கும் கோலத்தில் யாரும் வந்து பார்க்கக்கூடாது. போனில் யார் கேட்டாலும் குளித்துக்கொண்டிருக்கிறார் என்று சொல்லிவிடுவார்கள். எனக்கும் இரண்டு தடவை அப்படிச் சொன்னார்கள். இந்த வயதில் இவ்வளவு குளிக்கிறாரே என்று நினைத்துக்கொண்டு போனை வைத்தேன்.

திருவேங்கடத்தின் முகம் வெளுத்துவிட்டது. ஆனால் அந்த நிலையிலும் அவர் முதலில் கேட்டது என்ன தெரியுமா? அப்படியானால் அந்த நாலாவது மாடிக்காரர் லிஃப்டில் பார்த்ததாகச் சொன்னாரே, அது எப்படி என்று கேட்டார். அது போன வருஷமாக இருக்கும் என்றார் ஜோஸ்பின். “பொய் சொல்லியிருக்கான் படுபாவி” என்றார் திருவேங்கடம், உண்மையான கோபத்தோடு. சொல்லி முடித்த பிறகுதான் அது தன் காதிலும் விழுந்திருக்க வேண்டும்.

“மன்னிக்கு… நான் சொன்னது பொய்னு…” என்று இழுத்தார்.

“கஞ்சி ஊட்டுனதே அந்தம்மாதான சார். நீங்க சொன்னியளே, நீலக் கட்டம் போட்ட சட்ட, அதக் கிழிச்சுத்தான் அவுக வாயத் தொடச்சிட்டிருந்தாவ” என்றார் ஜோஸ்பின். அதில் கோபம் இல்லை. சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

இதோடு ஒருவர் திருந்தி, மறுநாள் முதல் சாவு வீட்டுப் பக்கமே போகாமல் இருந்திருந்தால் கதை இங்கே முடிந்துவிடும். ஆனால் அவரை வரச் சொல்லியிருக்கிறார்களே. மறுநாள் மன்னிப்புக் கேட்பதற்கென்றே போனார். வாயைத் திறப்பதற்குள், அந்தப் பழக்கடை எந்தப் பக்கம் என்று அம்மிணி கேட்டுவிட்டார். பூக்கடைகளைத் தாண்டி, கோவிலுக்குப் போகிற வழியில் என்று திருவேங்கடம் சொன்னார். சொல்லிவிட்டு, நேரே மாதுங்காவுக்குப் போய், அங்கே அப்படி ஒரு கடை இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. ஆனால் அது தேங்காய்க் கடை. அடுத்த நாள், பத்ரி முதலில் தேங்காய் வாங்கினார் என்பதைச் சேர்த்துக்கொண்டார்.

அன்றிலிருந்து அவருக்கு அதே உத்தியோகம். பகலில் செம்பூர் போவார். அம்மிணி ஒரு நாற்காலியை எதிரே போடச் சொல்லி, ‘அப்புறம்?’ என்று ஆரம்பித்துவைப்பார். ஒரு அரை மணி நேரச் சந்திப்பு எவ்வளவு தூரம்தான் நீளும்? சரக்குத் தீர்ந்துபோய், கற்பனையும் வற்றிப்போய், வேறு வழியில்லாமல் திருவேங்கடம் உண்மையில் இறங்கினார். முப்பது வருஷம் பக்கத்து மேஜையில் கேட்டதையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து மார்க்கெட்டில் கொண்டுபோய் வைத்தார். மேனேஜரைப் பத்ரி நடித்துக் காட்டியது, மழையில் ரயில் நின்றபோது பெட்டி முழுவதையும் பாட வைத்தது, மானசா பிறந்த அன்று ஆபீஸில் எல்லாருக்கும் இனிப்புக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வெறுங்கையோடு போனது. அது பற்றாமல் பழைய சகாக்களைப் போனில் பிடித்து, பத்ரி உன்னிடம் என்ன பேசுவான் என்று விசாரித்தார். அவர்களும் எடுத்த எடுப்பில் ‘போன மாசம்கூடப் பார்த்தேனே’ என்றுதான் ஆரம்பித்தார்கள். அதெல்லாம் வேண்டாம், நிஜமாகப் பார்த்ததைச் சொல்லு என்று அதட்டினாராம். திருவேங்கடம், இன்னொருத்தரை!

இந்தக் கணக்கில், பத்ரி அன்று மார்க்கெட்டில் குறைந்தது நாலு நாள் இடைவிடாமல் நின்று பேசியிருக்க வேண்டும். பத்ரியை அறிந்தவர்களுக்கு அதில் நம்ப முடியாதது ஒன்றுமில்லை.

பதின்மூன்றாம் நாள் சுபச் சடங்கு. சாப்பாடு ஆகி, வந்தவர்கள் கிளம்பி, ஹாலில் வீட்டு மனிதர்களும் நானும் திருவேங்கடமும் மட்டும் இருந்தோம். அம்மிணி நாற்காலியைப் போடச் சொன்னார். திருவேங்கடம் உட்காரவில்லை. துணிப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

“மன்னி, நான் அவனை நேத்திக்கும் பார்க்கலை, போன மாசமும் பார்க்கலை” என்றார். “போன தீபாவளிக்கு முன்னாடி, ஸ்டேஷன் பாலத்து மேல பார்த்தேன். என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டான். வண்டி வந்துடுத்து, அப்புறம் போன் பண்றேன்னு சொல்லிட்டு ஓடிட்டேன். பண்ணலை.”

அதோடு நின்றுவிட்டார். இந்த இனத்தின் ரகசியம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. ‘நேத்துகூடப் பார்த்தேன்’ என்று சொல்கிறவர்களை நான் விளம்பரப் பிரியர்கள் என்றுதான் நினைத்திருந்தேன். பார்க்காமலே விட்டுவிட்டோமே என்பதைத்தான் அவர்கள் அப்படிச் சொல்கிறார்கள் போலிருக்கிறது. அந்த ‘நேற்று’ வேறு ஒன்றுமில்லை, போயிருக்க வேண்டிய நாள்.

அம்மிணி நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினார்.

“தெரியும்” என்றார். “அன்னிக்கே ஆத்துக்கு வந்து சொன்னார். திருவேங்கடம் இன்னும் ரயிலைக் கண்டா ஓடறான், வேஷ்டி தடுக்கி விழாம இருக்கணுமேன்னு நின்னு பார்த்துண்டே இருந்தாராம். நீங்கோ ஏறி, வண்டி கிளம்பினப்புறம்தான் பாலத்திலேருந்து இறங்கினாராம். சொல்லிச் சொல்லிச் சிரிச்சார்.”

திருவேங்கடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். எத்தனையோ வீடுகளில், எத்தனையோ பேரைக் கடைசியாகப் பார்த்தவர். தன்னை ஒருவன் கடைசிவரை நின்று பார்த்துக்கொண்டிருந்தான் என்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. துணிப்பையால் முகத்தை மூடிக்கொண்டார். ஓய்வு பெற்ற கணக்கர் ஒருவர் அப்படித் தேம்பித் தேம்பி அழுது நான் பார்த்ததில்லை. அம்மிணி தடுக்கவில்லை. அது ஓய்கிறவரை பொறுத்திருந்தார்.

“அது இருக்கட்டும்” என்றார் பிறகு. “தேங்காய் வாங்கிண்டு பழக்கடைக்கு வந்தார். அப்புறம்?”

திருவேங்கடம் மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். “அப்புறம்…” என்று ஆரம்பித்தார்.

அவர் இன்னும் செம்பூருக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறார். பத்ரி இன்னும் மார்க்கெட்டை விட்டுக் கிளம்பவில்லை.

இத்தனையும் படித்துவிட்டு நீங்கள் உங்களுக்குத் தெரிந்த ஒரு திருவேங்கடத்தை நினைத்துச் சிரித்துக்கொண்டிருப்பீர்கள். நல்லது. ஆனால் போன தடவை உங்களுக்கு அந்த மாதிரி போன் வந்தபோது என்ன சொன்னீர்கள்? ‘நேற்று’ என்று சொல்லவில்லையா? ‘போன வாரம்கூட’ என்றீர்களா? சரி, உண்மையில் எப்போது பார்த்தீர்கள்? பரவாயில்லை, எனக்குச் சொல்ல வேண்டாம். போனில் ‘குளிக்கிறார்’ என்று பதில் வந்த யாராவது இருந்தால் அங்கே முதலில் போய்ப் பாருங்கள்.

என் விஷயத்தில் உங்களுக்குக் கஷ்டமே இல்லை. நாளைக்கே எனக்கு ஒன்று ஆகிவிட்டால், ‘அதெப்படி, நேத்துகூட அவர் எழுதினதைப் படிச்சேனே’ என்று நீங்கள்தான் முதலில் சொல்லப்போகிறீர்கள். நாற்காலியும் உங்களுக்குத்தான். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். என் மனைவி தலையை நிமிர்த்தி, என்ன சட்டை போட்டிருந்தார் என்று கேட்பாள். பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். யோசிக்க நேரம் தர மாட்டாள்.